காடன் விடங்கனின் நடுகல்

வைகாசிப் பௌர்ணமி. பெண்ணையாற்றின் கீழ்க்கரையில் அடர்ந்திருந்த பனங்கூட்டத்தின் கருங்கொண்டைகளுக்கு மேலே பூரணச் சந்திரன் மெல்ல எழுந்துகொண்டிருந்தான். மேற்கே அந்திச் செம்மை இன்னும் வடிந்து முடியவில்லை. கோடையில் இளைத்து மணலுக்கு நடுவே ஒற்றை ஓடையாய்ச் சுருங்கியிருந்த நதி, பாதி செம்பும் பாதி வெள்ளியுமாய் மினுங்கியது. இத்தனை அழகும் வல்லங்குறிச்சிக் கோட்டையின் மீதும் சேர்ந்தே பொழிந்தது. நிலவுக்குத் தராதரம் தெரியாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அன்பு வாசகர்களே! அந்தக் கோட்டையின் அதிபருக்கு நாற்றிசை மார்த்தாண்ட பகைவர்குலகால அகளங்க அரையர் என்று பெயர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சுமாரான குதிரை அவருடைய நாட்டைக் கடந்துவிடும். சென்ற வாரம் அந்த மகாவீரர் முழுப் பலாப்பழம் ஒன்றையும் அதன்மேல் ஒரு பானைத் தயிரையும் வென்று படுக்கையில் விழுந்தார். வைத்தியர் அதை வயிற்றுப் பொருமல் என்றார். மந்திரி காளிங்கராயரோ இராச்சியத்துக்கே நேர்ந்த கண்டம் என்றார். கொற்றவைக்கு ஒரு வீரன் தன் தலையைத் தானே அரிந்து கொடுத்தால் மன்னர் பிழைப்பார் என்ற பழைய வழக்கம் நினைவுகூரப்பட்டது. உடனே சபையிலிருந்த முறுக்கு மீசைகள் அனைத்தும் விதானத்துச் சித்திரங்களை ரசிக்கத் தொடங்கின.

ஒருவன் மட்டும் காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தான். அவன்தான் காடன் விடங்கன்.

நாற்பது வயதான விடங்கன் ஒருகாலத்தில் குதிரைப்படைத் தலைவனாக இருந்தவன். வடபுலத்துப் போரில் குதிரை அவன்மீது புரண்டதில் வலது முழங்கால் மடங்காமற் போயிற்று. அவன் படுக்கையில் கிடந்தபோதே மனைவியைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. பதவியைத் தம்பி கொண்டுபோனான். மன்னர் கருணை கூர்ந்து அரண்மனை மயிலுக்குக் காவலாக அவனை நியமித்தார். அந்த மயிலும் அவனை மதித்ததில்லை. இப்படிப்பட்ட உயிர் ஒரு பலாப்பழத்துக்கு ஈடாகப் போவதில் அநியாயம் ஒன்றுமில்லை என்று விடங்கனுக்குத் தோன்றிற்று. பௌர்ணமியன்று தலை தருவதாக நேர்ந்துகொண்டான்.

தலை கொடுப்பவனுக்கு நடுகல் வேண்டுமல்லவா? அதைச் செதுக்கும் பொறுப்பு பூதியிடம் வந்தது. அதே வடபுலத்துப் போரில் கணவனை இழந்தபின் கற்பட்டறையைத் தானே நடத்தி வந்தவள் அவள்.

"நேராக நில்லும்" என்றாள், உளியைக் கூர்பார்த்தபடி.

"முழங்கால் மடங்காது, அம்மணி."

"மடங்காத கால்தானே நேராக நிற்கும்? சாக்குச் சொல்லாமல் நில்லும். கல்லில் என்ன எழுத?"

"அரையர் பிழைக்கத் தலை கொடுத்தான் என்று எழுது."

"அரையருக்கு என்ன வந்ததென்று வழிப்போக்கர்கள் கேட்பார்களே! பலாப்பழத்தையும் ஓரமாகச் செதுக்கிவிடட்டுமா? சுளையோடா, முழுசாகவா?"

விடங்கன் சிரித்துவிட்டான். பல வருஷங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பாதலால் அது இருமலைப்போல் ஒலித்தது.

பூதி சிரிக்கவில்லை. "அக்கரையில் எங்கள் முள்ளிப்பாடியின் ஆநிரை முழுவதையும் மலைக் கொள்ளையர் ஓட்டிப் போய்விட்டார்கள். உங்கள் குதிரைப்படை எங்கே ஐயா?"

"அரையரின் வயிற்றைக் காவல் காக்கிறது."

"ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்கள், மட்டக்குதிரைகள் இருக்கின்றன. நடத்திப் போகத் தெரிந்த ஆள்தான் இல்லை." ஒரு கணம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உம்மைச் சொல்லி என்ன பயன்? உமக்குத்தான் சாகிற வேலை இருக்கிறதே!"

அந்தச் சொல் முள்ளாய்த் தைத்தது. இத்தனை காலம் வெறும் சுமையாய் இருந்த தலை அன்றிரவு முதல் மலைவழிகளையும் குதிரைகளையும் எண்ணத் தொடங்கிவிட்டது. தலையைக் கொடுக்கப்போகும் சமயத்தில் அதற்கு வேலை வந்தால் எவன்தான் என்ன செய்வான்?

பௌர்ணமியன்று காலையில் அரையர் கோட்டை அதிர ஓர் ஏப்பம் விட்டு எழுந்து உட்கார்ந்தார், பூரண குணம். விடங்கன் ஆவலோடு சபைக்கு விரைந்தான்.

"பிரபு, இனி அடியேன் தலைக்கு அவசியமில்லையே?"

"நேர்ந்தது நேர்ந்ததுதான்" என்றார் காளிங்கராயர். "மேலும் விருந்துக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது."

"நீ கலங்காதே, விடங்கா! நாமே நேரில் வந்து பார்ப்போம்" என்று அரையர் தேற்றினார்.

கல் நடுவதற்குச் சந்திரோதயம் தவறினால் இவ்வருஷம் வேறு முகூர்த்தமே இல்லை என்றார் சோதிடர். முதலில் கல்லை நடுவோம், தலையைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று காளிங்கராயர் தீர்ப்புச் சொன்னார். அவருடைய மதிநுட்பத்தைச் சபையே வியந்தது.

அப்படியாக, வாசகர்களே, நாம் முதலில் கண்ட நிலவொளியில் ஆற்றங்கரைக் கொற்றவை கோயில் முன்றிலில் திரை மூடிய கல் நடப்பட்டது. விளக்கேற்றிக் கள்ளும் சோறும் படைத்தார்கள். மரபுப்படி மயிற்பீலி சூட்டினார்கள். அந்த மயில் விடங்கனுக்குத் தந்த முதல் மரியாதை அது. பூதி திரையை விலக்கியதும் அரையர் நிமிர்ந்து பார்க்காமலே, வயிறு இடம்கொடுத்த மட்டும் குனிந்து, கல்லை வணங்கினார்.

பிறகுதான் எல்லாரும் பார்த்தார்கள். கல்லில் தலை அரிபவனைக் காணோம். ஒரு கால் விறைத்து நீட்டிய வீரன் ஒருவன் குதிரைமேல் வில்லேந்தி அமர்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் பசுக்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தன. அடியில் எழுத்துக்குரிய இடம் வெறுமையாக இருந்தது.

"என்ன இது? எழுத்தையே காணோமே!" என்று சீறினார் காளிங்கராயர்.

"எழுதும்படி இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, ஐயா" என்றாள் பூதி.

விடங்கன் அந்தக் குதிரைவீரனையே பார்த்துக்கொண்டிருந்தான். பூசாரி நீட்டிய வாள் கைக்கு வந்ததும் அவன் குரல் பழைய படைத்தலைவனின் குரலாக எழுந்தது.

"அரையரே! சற்றுமுன் யாரை வணங்கினீர்கள்?"

"உன்னைத்தான்."

"பூசாரியாரே, கல் நட்டுப் படையலிட்டு மன்னரும் வணங்கியபின் அந்த வீரன் யார்?"

"தெய்வம்" என்றார் கிழப் பூசாரி, பழக்கதோஷத்தால்.

"செத்துத் தெய்வமானவனை இன்னொருமுறை சாகச் சொல்கிறீர்களே! கழுத்தில் கத்தி படட்டும். அந்தத் தெய்வக்குற்றம் யாருடைய வயிற்றில் இறங்குமென்று நான் சொல்ல வேண்டுமா?"

அரையரின் கை தானாக வயிற்றைப் பற்றிக்கொண்டது. "வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!"

"பிரபு, இவனை மயில் காவலுக்காவது திருப்பி..." என்று இழுத்தார் காளிங்கராயர்.

"செத்தவனுக்குப் பணி ஏது, மந்திரியாரே?" என்று குறுக்கிட்டான் விடங்கன். "மயிலை நீரே பார்த்துக்கொள்ளும். உமக்கு ஏற்ற துணை."

பிறகு கல்லின் வெற்றிடத்தில் வாளை வைத்தான். "கொற்றவை அறிய ஆணை! முள்ளிப்பாடியின் ஆநிரையை மீட்காமல் இந்த ஆற்றைத் திரும்பக் கடக்க மாட்டேன். அதுவரை இந்தக் கல்லில் ஓர் எழுத்தும் விழக்கூடாது!"

யாரும் தடுக்கவில்லை. தெய்வத்தை வழிமறிக்கும் துணிவு அந்தச் சபைக்கு ஏது? அவன் விறைத்த காலை மணலில் இழுத்துக்கொண்டு ஓடையில் இறங்கினான். பின்னால் சலசலவென்று நீரை அளைந்துகொண்டு யாரோ வரும் ஓசை கேட்டது. பூதி உளிப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"நீ எங்கே, அம்மணி?"

"கண்ணால் பாராததைக் கல்லில் வெட்டும் வழக்கம் எங்களுக்கு இல்லை."

"பசுக்களை வெட்டியிருக்கிறாயே!"

"ஒருமுறை தவறிவிட்டேன். அதைப் பொய்யாக்காமல் நடவும்" என்று அவள் அவனுக்குத் தோள் கொடுத்தாள்.