அத்தான் எழுதிய புரோகிராம்

"அந்தக் கடிதாசி அவர் எழுதினதே இல்ல. மூணு வருஷமா நானும் இதையேதான்—"

"அவரோட ஐடியிலேருந்துதானேக்கா போயிருக்கு. திரும்பத் திரும்ப அதையே—"

"ஐடியாவது கிய்டியாவது. சட்டையில பட்டன் அறுந்துடுச்சுன்னு சொல்லவே அந்த மனுஷன் கால் மணி நேரம் எடுத்துக்குவாரு. 'தவறு என்னுடையதே'ன்னு ஒத்த வரியில முடிச்சாராமா?"

"பதட்டத்துல எழுதியிருப்பாரு."

"பதட்டமா? அவருக்கா? வீடு இடிஞ்சு விழுந்தாலும் செருப்பை ஜோடி பாத்து மாட்டிக்கிட்டு வெளிய வர்ற ஆளுடா அது. சரி விடு. நாளைக்குக் காலையில வெளியிலேருந்து ஆள் வருது. மெஷினைத் திறந்து, யார் அனுப்பினதுன்னு பாக்கத்தான் வருது. நான் எழுதிப் போட்டுத்தான் வருது. லீவு நாள்ல நீ எதுக்கு அங்க போய் உக்காந்திருக்க?"

"அவங்களுக்கு எல்லாம் தயார் பண்ணி வைக்க வேணாமா? வச்சுடறேன்க்கா."

வைத்தான். தம்பி தொலைபேசியை மேஜைமேல் முகம் குப்புறக் கவிழ்த்தான்.

மதியம் மூன்று மணி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மாடி அறை அது. கீழே நோயாளிகள் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடும் பெண் இல்லை, ஊசிக்குப் பயந்து அழும் குழந்தை இல்லை. ஸ்பிரிட் வாடை மட்டும் படியேறி வந்து கதவிடுக்கில் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கணினி இயந்திரங்களின் மின்விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்தன. அறையில் இரண்டே இருக்கைகள். ஒன்று, அத்தான் இருந்த இடம். இரண்டு, இவனுடையது. முதல் இருக்கையின் கீபோர்டை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டி எப்போதோ பரணில் ஏற்றியாகிவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இரண்டு நோயாளிகளின் அறிக்கைகளை இவன் மாற்றி அனுப்பிவிட்டான். ஒரு பெண் தனக்கில்லாத நோய்க்கு இரண்டு மாதம் மருந்து தின்று, எழுந்து நடக்க முடியாமல் போனாள். விசாரணை என்று பேச்சு எழுந்த அன்று இதே இருக்கையில் இருந்துதான், கருப்புத் திரையில் கட்டளை தட்டி மெயில் அனுப்பும் அந்தப் புரோகிராமைத் திறந்தான். அத்தானே உட்கார்ந்து எழுதிய புரோகிராம். அனுப்புநர் என்ற இடத்தில் எந்தப் பெயரைப் போட்டாலும் அது வாங்கிக்கொள்ளும். வீட்டு ஆட்கள்தானே தொடப்போகிறார்கள் என்று அத்தான் அதற்குப் பூட்டு வைக்கவில்லை. தம்பி அத்தானின் பெயரைப் போட்டான். ஒரே வரி.

இவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அன்று சாயங்காலமே அவரை வேலையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். நான்காம் மாதம், வீட்டு மேஜையில் தலையைச் சாய்த்தவர் நிமிரவில்லை. தூக்கிப் போனவர்களில் தலைமாட்டில் தோள் கொடுத்தது தம்பி.

அனுப்பின ஒவ்வொரு மெயிலையும், எந்த இருக்கையிலிருந்து போனது என்பதையும் அந்தப் புரோகிராம் ஒரு பெட்டகத்தில் எழுதி வைக்கும். பெட்டகத்தை அதுவே திறந்தால்தான் உண்டு. மொத்தமாக அழித்தால் நாளை வருகிறவனுக்குக் கையில் விளக்கைக் கொடுத்தது போலாகும். உள்ளே போய் அந்த ஒரு வரியை மட்டும் எடுக்க வேண்டும். ஆனால் போன வாரம் இயந்திரத்தைப் புதுப்பித்ததிலிருந்து புரோகிராம் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது.

தட்டிப் பார்த்தான். ஒரு லைப்ரரி கிடைக்கவில்லை என்றது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எந்தப் புரோகிராமும் தனியாக ஓடாது. யார் யாரோ எழுதி வைத்த துணைக் கோப்புகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். அவற்றைத்தான் லைப்ரரி என்கிறார்கள். புதுப்பித்தபோது பழையது போய்ப் புதியது வந்திருந்தது. புரோகிராமோ பழைய பெயரையே சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. முறையாகச் சரிசெய்ய ஒரு நாள் பிடிக்கும். குறுக்குவழிக்கு ஒரு நிமிடம் போதும்: புதிய கோப்புக்குப் பழைய பெயரை ஒட்டிவிட்டால் முடிந்தது. புரோகிராம் பெயரைத்தான் பார்க்கும். உள்ளே இருப்பது யாரென்று பார்க்காது.

அத்தானுக்கு இது ஆகவே ஆகாது. "பேரை மாத்தி ஒட்டுற பயல மெஷின் பக்கம் விடக் கூடாதுடா. இன்னைக்கு ஓடும். என்னைக்கோ ஒருநாள் உள்ள இருக்கிறது முழிச்சுக்கும்" என்பார்.

தம்பி ஒட்டினான். அடுத்த லைப்ரரி கிடைக்கவில்லை என்றது. அதற்கும் ஒட்டினான். மூன்றாவதற்கும்.

பிறகு, ஒவ்வொன்றாகக் கேட்டு மாளாது என்று, புரோகிராமுக்கு இன்னும் என்னென்ன வேண்டும், எது எங்கே கிடைத்தது என்று காட்டும் கட்டளையைத் தட்டினான். பட்டியல் விழுந்தது. இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் இடம். இவன் ஒட்டிய மூன்றும் கிடைத்துவிட்டன. அவற்றின் கீழே இவன் பார்த்தே இராத நான்கு வரிகள்.

விரல் — கிடைக்கவில்லை.
கண் — கிடைக்கவில்லை.
மூச்சு — கிடைக்கவில்லை.
குரல் — கிடைக்கவில்லை.

"என்ன லொள்ளு இது" என்று வாய்விட்டே சொன்னான். அத்தான் இப்படியெல்லாம் பெயர் வைக்கிற ஆளில்லை. யார் சேர்த்தது என்று பார்த்தான். சேர்த்தவர் இடத்தில் அத்தானின் பெயர். தேதி, இன்றையது. நேரம், மூன்று மணி இரண்டு நிமிடம். அக்காவின் பேச்சை இவன் துண்டித்த நேரம்.

அத்தானின் ஐடியை இவனேதான் அழித்திருந்தான். அவரை வெளியே அனுப்பின அன்றைக்கே, சுடச்சுட.

யாரோ வெளியிலிருந்து விளையாடுகிறார்கள். நாளை வரப்போகிறவனாகத்தான் இருக்கும். இருக்கட்டும், இவனிடமா? முதல் வரிக்கு என்னத்தை ஒட்டலாம் என்று யோசித்துக் கீபோர்டில் கையை வைத்தபோது விரல் நுனிகள் சில்லிட்டிருப்பது தெரிந்தது. ஏசியைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். சில்லிப்பு நுனியிலிருந்து கணுவுக்கு ஏறியது. கணுவிலிருந்து உள்ளங்கைக்கு, தண்ணீரில் நனைந்த கையுறையை யாரோ பொறுமையாக, ஒவ்வொரு விரலாக நீவி நீவி மாட்டிவிடுவது போல. வலி இல்லை. கை மரத்துப்போகவும் இல்லை. இன்னொருவர் பிடித்துக்கொண்டிருக்கும் கை போல, தன்னுடையதாக மட்டும் இல்லை.

கதவு தட்டப்பட்டது.

காவலாளி. கையில் தட்டு, தட்டில் இரண்டு டீ.

"எதுக்கு ரெண்டு?"

"ரெண்டு பேர் தட்டுற சத்தம் கேட்டுச்சே சார். ஒண்ணு நீங்க, படபடன்னு. இன்னொண்ணு நிதானமா, நிறுத்தி நிறுத்தி. பழைய சார் தட்டுவாருல்ல, அது மாதிரி." காவலாளி எட்டிப் பார்த்தார். "உள்ள யாருமில்லையா?"

"யாருமில்ல. காதை டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே."

"கீழதான் அத்தனை டாக்டர் இருக்காங்க, ஒருத்தரும் காதைப் பாக்குறதில்ல" என்று சிரித்துக்கொண்டே இரண்டு டீயையும் வைத்துவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கும் ஓசை தேய்ந்தது. அதன்பின் இவனும் கேட்டான். நிதானமான தட்டல். நிறுத்தி. நிறுத்தி. பரணிலிருந்து, கட்டிய அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து.

திரும்பித் திரையைப் பார்த்தான்.

விரல் — கிடைத்தது. இருக்கை இரண்டு.

எழுந்துகொள்ள நினைத்தான். நினைப்பு காலுக்குப் போய்ச் சேர்ந்தது, கைக்குப் போகவில்லை. இடுப்பு எழுந்தது, கைகள் கீபோர்டிலேயே ஒட்டிக்கொண்டு இவனை இழுத்து உட்கார்த்தின. பரணில் சத்தம் நின்றது. ஏன் நின்றது என்று இவனுக்கு உடனே புரிந்தது. இப்போது அதே தட்டல் கீழே கேட்டது. இவனுடைய பத்து விரல்களிலிருந்து.

'நான் இன்னார் எழுதுவது. இரண்டு அறிக்கைகளை மாற்றி அனுப்பியது நான்...'

இன்னார் இருந்த இடத்தில் இவன் பெயர். பெறுநர் இடத்தில் அக்கா. அந்தப் பெண்ணின் பெயரையும், இரண்டு அறிக்கைகளின் எண்களையும், அன்று எத்தனை மணிக்கு எதைத் தட்டினான் என்பதையும் விரல்கள் ஒன்று விடாமல் எழுதின. இவன் யாரிடமும் சொல்லாதவை. ஆஸ்பத்திரிக்குப் பறந்த காரின் பின்சீட்டில் அத்தானின் தலை தன் மடியில் கிடந்தபோது, 'அப்பாடா, இனிமேல் யாரும் கேக்க மாட்டாங்க' என்று மனதுக்குள் ஓடிய வரி. அதையும் எழுதின.

பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடினான். மூடவில்லை. இமை இறங்கவில்லை.

கண் — கிடைத்தது. இருக்கை இரண்டு.

காலால் மின்சார ஒயரைத் தேடினான். மிதித்தான். இழுத்தான். பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. மின்விசிறிகள் நின்றன. அறை முழுவதும் நிசப்தம்.

திரை எரிந்துகொண்டிருந்தது.

நிசப்தத்தில் மூச்சுச் சத்தம். இழுப்பது ஒருவர், விடுவது ஒருவர். இரண்டும் ஒரே மூக்கில்.

மூச்சு — கிடைத்தது.

விரல் அனுப்பும் பொத்தானை அழுத்தியது. மெதுவாக. ஆசையாக.

போய்விட்டது.

இரண்டு டீயிலும் ஆடை படிந்திருந்தது. கவிழ்த்து வைத்த தொலைபேசி மேஜையில் அதிர ஆரம்பித்தது. வலது கை அதை நிமிர்த்தி எடுத்து, காதருகே கொண்டுவந்தது. பிடித்த விதம் இவனுடையது இல்லை.

"டேய்." அக்கா. ஓடிவந்தவள் போல மூச்சு வாங்கினாள். "படிச்சேன். எல்லாத்தையும் படிச்சேன். நீயாடா? என் கூடப் பொறந்தவனா? உன் வாயால சொல்லு. இல்லன்னாவது சொல்லு."

இல்லை என்று சொல்ல வேண்டும். அது போதும். யாரோ என் பெயரில் அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் போதும், அக்கா நம்புவாள். மூன்று வருடமாக அவள் சொன்னதை இவன் நம்ப மறுத்தானே, அவள் அப்படி இல்லை, நம்புவாள்.

வாயைத் திறந்தான்.

நாக்கு புரண்டது. அடித்தொண்டையில் ஏதோ எழுந்து உட்கார்ந்தது. கனமாக. சாவகாசமாக. வெகுநாள் பூட்டியிருந்த வீட்டுக்குள் நுழைந்து ஜன்னலாகத் திறந்து பார்க்கிறவர் போல அது பல்லைத் தொட்டுப் பார்த்தது. அண்ணத்தைத் தொட்டுப் பார்த்தது. மூடாத கண்களின் முன்னே பட்டியலின் கடைசி வரி மாறியது.

உதடுகள் தாமாக விரிந்தன. சிரிப்பு.

அந்தப் பக்கம் அக்காவின் அழுகை சட்டென்று நின்றது. நிதானமாக, நிறுத்தி நிறுத்தி வந்த பேச்சை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கேட்டாள். பிறகு, கல்யாணமான புதிதில் பேசிய அந்தத் தணிந்த குரலில்,

"ஏங்க... நீங்கதானே?"