இரண்டு மணிக்கு விடியும் பெட்டி

மதியம் 2.35.

டாக்டர் கல்பனா அந்த ஆளுயரப் பெட்டியின் கறுப்புக் கதவைத் திறந்தார். “இதுதான் சார் நம்ம கண்ணாடி மீன்” என்று உள்ளே கையைக் காட்டினார். காட்டிய தொட்டியில் தண்ணீர் மட்டும் இருந்தது.

பக்கத்தில் நின்ற ஜெபக்குமார் குனிந்து பார்த்தார். இராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் துணி தயாரிக்கிற ஆலை ஒன்றின் மேலாளர் அவர். “கண்ணாடி மாதிரி இருக்கும்னு சொன்னீங்க. அதுக்காக இம்புட்டுக் கண்ணாடியாவா மேடம்?” என்று சிரித்தார். கல்பனா சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

3.05. சப்-இன்ஸ்பெக்டர் மாரிக்கனி ஜீப்பை விட்டு இறங்கினார். வத்திராயிருப்புப் பெண். அன்று ஆடிப்பூரத் தேர். விடியற்காலை நாலு மணிக்குப் பூட்ஸுக்குள் நுழைந்த கால் இன்னும் வெளியே வரவில்லை. ஆறு மீன் காணோம், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது என்று போனில் கேட்டபோது, கண்மாய்க்குப் போய்த் தேடச் சொல்லலாமா என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில், இராஜபாளையம் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்குள் நுழைந்ததும், ஒரு மூலையில் ஸ்டூலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். எண்ணம் மாறிவிட்டது. அழுது முடித்து, இனி அழ ஒன்றும் இல்லை என்று உட்கார்ந்திருக்கிற முகம் அது.

“இவங்க வெள்ளத்தாய். மீன்களைப் பாத்துக்கிறவங்க. பதினோரு வருஷமா இருக்காங்க” என்றார் கல்பனா. “அடுத்த மாசம் வேலையை நிரந்தரம் பண்றதா இருந்தோம். இப்ப... போலீஸ்ல பேர் எழுதிட்டா என்னால வச்சிருக்க முடியாது. சாவியை வாங்கி வச்சிட்டேன்.”

“நான் இன்னும் யார் பேரையும் எழுதலியே” என்றார் மாரிக்கனி. “முதல்ல மீனைப் பத்திச் சொல்லுங்க.”

கல்பனா சொன்னார். வரிக்குதிரை மீன் என்று பெயர். மனிதனுக்கு இருக்கிற மரபணுக்களில் பத்துக்கு ஏழு இதற்கும் உண்டு. வால் துடுப்பில் ஒரு துளி வெட்டினால் இரண்டு வாரத்தில் திரும்ப முளைத்துவிடும். ஜெபக்குமாரின் ஆலை புதிதாக ஒரு மூலிகை மருந்து தோய்த்த கட்டுத்துணி செய்கிறது. அந்த மருந்து காயத்தை ஆற்றுமா, ஆளைக் கெடுக்குமா என்பதை முதலில் இந்த மீன் சொல்லும். அதிலும் காணாமல் போன ஆறும் தனி ரகம். உடம்பில் வரியே கிடையாது, உள்ளே ஓடுகிற ரத்தக் குழாய் பச்சையாக ஒளிரும். நாலு வருஷம் பாடுபட்டு வளர்த்த வம்சத்தில் மிஞ்சியது அந்த ஆறுதான்.

“இந்தப் பெட்டி எதுக்கு?”

“இது முட்டை போடுறது விடியுற நேரத்துல மட்டும்தான். வெளிச்சம் பட்டதும் கால் மணி நேரத்துல ஆரம்பிச்சிடும். காலையில எல்லாருக்கும் வகுப்பு இருக்கும். அதனால பெட்டிக்குள்ள பொழுதையே மாத்தி வச்சிருக்கோம். விடியக்காலம் நாலு மணியில இருந்து மதியம் ரெண்டு வரைக்கும் இதுக்குள்ள ராத்திரி. ரெண்டு மணிக்கு டைமர் லைட்டைப் போடும்.”

“கேமரா?”

“ஆறு மாசமா ஃபைல் போயிட்டிருக்கு.”

அறைக்கு மூன்று சாவி. ஒன்று கல்பனாவிடம். அவர் காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை இராஜபாளையம் ஆலையில் இருந்தார், ஜெபக்குமாரே கூட இருந்தார். இன்னொன்று ஆராய்ச்சி மாணவன் கௌதம்ராஜிடம். மூன்றாவது வெள்ளத்தாயிடம்.

3.15. மாரிக்கனி ஒரு ஸ்டூலை இழுத்து வெள்ளத்தாய்க்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“அக்கா, இன்னைக்கு எத்தனை மணிக்கு வந்திய?”

“ஒண்ணரைக்கு. காலையில லீவு. மோர்ப் பந்தல்ல நின்னேன், ஏழு மணியில இருந்து ஒரு மணி வரைக்கும்.” நிமிர்ந்து பார்த்தாள். “நீங்ககூட மூணு தம்ளர் குடிச்சிய.”

மாரிக்கனிக்கு அப்போதுதான் முகம் பிடிபட்டது. “இஞ்சி தூக்கலாப் போட்ட பந்தலா? சரிதான். இங்க வந்து என்ன செஞ்சிய?”

“தரை தொடைச்சேன். வலை அலசினேன். ரெண்டேகாலுக்குத் தம்பி வந்துச்சு, பின்னாலயே மேடமும் வந்தாக.”

“பெட்டியத் தொறந்தியளா?”

“அதுக்குள்ள ராத்திரி. தூங்குறதப் போயி யாராச்சும் எழுப்புவாகளா?”

ஒன்றரையிலிருந்து இரண்டேகால் வரை அவள் தனியாக இருந்திருக்கிறாள். பூட்டு உடையவில்லை. மோர்ப் பந்தல் சாட்சி காலைக்குத்தான் ஆகும், இந்த முக்கால் மணி நேரத்துக்கு ஆகாது. பாவம், சந்தேகம் அவள் மேலேயே சாய்ந்தது.

கௌதம்ராஜ் படித்த களை உள்ள பையன். கேட்காமலேயே தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

“காலையில எங்க தம்பி?”

“தேர்ல மேடம். எட்டு மணிக்கு வடம் பிடிச்சேன். நிலைக்கு வர்ற வரைக்கும் விடல. பொறவு வீட்டுக்குப் போயி சாப்பிட்டு ரெண்டேகாலுக்கு வந்தேன்.” குரலைத் தாழ்த்தினான். “சொல்லக்கூடாது. வெள்ளத்தாய் அக்கா மருமகன் கண்ணுச்சாமி இராஜபாளையத்துல கலர் மீன் கடை வச்சிருக்காரு.”

மாரிக்கனி பாட்டிலை வாங்கும்போது அவன் உள்ளங்கையைப் பார்த்தார். பூப்போல இருந்தது. அவர் தம்பி காலையில் அரை மணி நேரம்தான் வடம் பிடித்தான். இரண்டு கையும் தோல் உரிந்து, மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு திரிகிறான்.

3.25. மாரிக்கனி பெட்டியிடம் போனார். உள்ளே தொட்டி இரண்டு: ஒன்றில் சாதாரண வரிமீன்கள், மற்றது காலி. இரண்டிலும் அடியில் கோலிக்குண்டுகள் பரப்பியிருந்தன.

“இது விளையாடவா?”

“முட்டை குண்டுகளுக்கு இடையில விழுந்துடும். இல்லேன்னா பெத்ததுகளே தின்னுடும்” என்றார் கல்பனா.

வரிமீன் தொட்டியில் தண்ணீர் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது. காலித் தொட்டியில் விளிம்பு தட்ட நின்றது. மாரிக்கனி விரலை வைத்ததும் வழிந்தது.

“அக்கா, இங்க வாங்க. இப்படித்தான் ரொப்புவியளா?”

வெள்ளத்தாய் எட்டிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். “இல்லியே. எப்பவும் ரெண்டு வெரல் குறைச்சுத்தான் விடுவேன். இதுக துள்ளி வெளிய விழுந்துரும். இதை நான் ரொப்பல.”

“தண்ணி எங்க எடுப்பிய?”

மூலையில் நீல டிரம் ஒன்று இருந்தது. குழாய்த் தண்ணீரைப் பிடித்து இரண்டு நாள் காற்றுக்குழல் போட்டு வைத்திருந்துதான் மீனுக்கு விடுவாள். எடுக்கும்போதெல்லாம் டிரம்மில் மட்டத்துக்குச் சாக்பீஸில் கோடு போட்டுத் தேதி எழுதுவாள். நேற்று சாயங்காலக் கோட்டில் தண்ணீர் அப்படியே நின்றது. அதிலிருந்து ஒரு சொட்டும் குறையவில்லை.

எதிர்ச் சுவரில் ப்ரொஜெக்டர் வெளிச்சம் இன்னும் அணையாமல் இருந்தது. விருந்தாளிக்குக் காட்டத் தயாரித்த முதல் படம். கண்ணாடி மீன்கள் ஆறும் பளிங்குத் தண்ணீரில் நிற்கின்றன, தொட்டி விளிம்புவரை தெளிவாகத் தெரிகிறது.

“நல்ல படம். யார் எடுத்தது?”

“நான்தான்” என்றான் கௌதம்ராஜ்.

“எப்ப?”

“போன வாரம்.”

மாரிக்கனி படத்தை இன்னொரு தரம் பார்த்தார். கல்பனா பக்கம் திரும்பி, “அந்த வரிமீன் முட்டை போட்டிருந்தா, எனக்கு ஒண்ணு காட்டுவீங்களா?” என்றார். இந்த நேரத்தில் என்ன வேடிக்கை என்று ஜெபக்குமார் பார்த்த பார்வையை அவர் கண்டுகொள்ளவில்லை.

3.30. கல்பனா குழலால் நாலைந்து முட்டைகளை உறிஞ்சி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். வாய் தானாகப் பாடம் நடத்தியது. “இது கடிகாரம் மாதிரி வளரும். இருபத்தெட்டரை டிகிரி வெப்பத்துல வச்சா நிமிஷம் பிசகாது. முட்டை விழுந்த முக்கால் மணி நேரத்துல ரெண்டா பிரியும், ஒரு மணி நேரத்துல நாலு, பொறவு கால் மணிக்கு ஒரு தரம் இரட்டிக்கும். ரெண்டு மணிக்கு வெளிச்சம் வந்துச்சு, ரெண்டேகாலுக்கு முட்டை விழுந்திருக்கும். இப்ப எட்டு செல் இருக்கும், பாருங்க...”

 குமிழைத் திருகினார். வேறு முட்டையைப் பார்த்தார்.

“என்ன டாக்டர்?” என்றார் மாரிக்கனி.

“எட்டு இல்ல. எண்ணவே முடியல. அம்புட்டும் சேர்ந்து மஞ்சள் கரு மேல தொப்பியாட்டம் பாதி தூரம் இறங்கியிருக்கு.”

“அதுக்கு எவ்வளவு நேரம் ஆகணும்?”

“அஞ்சேகால் மணி நேரம்.”

“பெட்டி சூடு கூடியிருந்தா?”

கல்பனா வெப்பமானியின் பதிவைப் பார்த்தார். “இருபத்தெட்டரை. மாறவே இல்ல.”

மாரிக்கனி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அப்ப பத்தேகாலுக்கு முட்டை விழுந்திருக்கு. பத்து மணி வாக்குல யாரோ பெட்டியத் தொறந்திருக்காக. உள்ளே இருந்ததுக விடிஞ்சிருச்சுன்னு நம்பிருச்சு.” அவர் திரும்பினார். “பத்து மணிக்கு இந்த அக்கா கையால நான் மோர் குடிச்சிக்கிட்டு இருந்தேன். டாக்டரும் சாரும் இராஜபாளையத்துல. மிச்சம் ஒரு சாவிதான் தம்பி.”

கௌதம்ராஜ் சிரிக்கப் பார்த்தான். “நான் வடம்...”

“கையக் காட்டு.”

அவன் காட்டவில்லை.

“திருட வந்தவன் மீனை அள்ளிக்கிட்டுப் போவான். தொட்டிய ரொப்பி வச்சிட்டுப் போக மாட்டான். அதான் எனக்கு முதல்ல உறுத்துச்சு. டிரம்ல கோடு அசையல. அப்ப அது குழாய்த் தண்ணி. அக்கா பதினோரு வருஷமா ரெண்டு விரல் குறைச்சு விட்டிருக்காக. உன் படத்துல தண்ணி விளிம்பு தட்ட நிக்குது. அந்தப் படம் போன வாரம் எடுத்தது இல்ல, இன்னைக்குக் காலையில எடுத்தது. விருந்தாளிக்குப் படம் நல்லா வரணும், தண்ணி லேசாக் கலங்கியிருந்துச்சு, ரெண்டு மக்கு நல்ல தண்ணி ஊத்துன. சரிதானா?”

குடிநீரில் குளோரின் பார்க்கும் சொட்டு மருந்து அலமாரியில் இருந்தது. கல்பனா காலித் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து அதில் விட்டார். குளோரின் இருக்கிறது என்று மஞ்சளாகத் திரும்பியது.

“தேர் அன்னைக்குப் பிடிச்ச குழாய்த் தண்ணியா?” வெள்ளத்தாய் நெஞ்சில் கை வைத்தாள். “ஊருக்கே கூட்டம் வருதுன்னு மருந்த அள்ளிக் கொட்டியிருப்பாகளே. மூஞ்சி கழுவுனாலே கண்ணு எரியும். அதையா ஊத்துன?”

கௌதம்ராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “ரெண்டு மக்குதானேன்னு நெனச்சேன் அக்கா. பத்து நிமிஷம் நல்லாத்தான் இருந்துச்சு. பொறவு மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து... பதினோரு மணிக்கு ஆறும் போயிருச்சு. சொன்னா என் படிப்பே போயிரும்னு பயந்துட்டேன்.”

“அதுக்கு இவங்க பிழைப்பு போகலாமா?” என்று கல்பனா கேட்டார்.  மூன்று வருஷமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தவன் ஒருநாளும் அந்த டிரம்மைத் தொட்டதில்லை. அது வெள்ளத்தாய் வேலை.

“செத்ததுகள எங்க போட்ட?” என்று வெள்ளத்தாய் கேட்டாள்.

அவன் பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை நீட்டினான். ஜெபக்குமார் ஆலையின் கட்டுத்துணியில் சுற்றியிருந்தது. தூக்கிப்போட மனம் வரவில்லை போலும். அவள் அதை வாங்கிப் பிரிக்காமல் மேசைமேல் வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவும் செய்தது. ஆனால் அந்த ஆறையும் முட்டையிலிருந்து வளர்த்தவள் அவள். துக்கம்தான் முந்திக்கொண்டது.

3.50. மாரிக்கனி நோட்டை மூடினார். திருட்டு இல்லை, எழுத ஒன்றும் இல்லை. பையனை என்ன செய்வது என்பது கல்பனாவின் பாடு. கிளம்பப் போனவர் வாசலில் நின்றார்.

“டாக்டர், ஒரு சந்தேகம். பத்து மணிக்கு விடிஞ்சது வரிமீனுக்கு மட்டுமா?”

கல்பனாவுக்கு ஒரு விநாடி விளங்கவில்லை. வெள்ளத்தாய்க்கு விளங்கிவிட்டது. காலித் தொட்டி என்று எல்லாரும் சொன்னார்களே தவிர, அதன் கோலிக்குண்டை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கையை உள்ளே விட்டு, ஒவ்வொரு குண்டாக அலுங்காமல் எடுத்து வைத்தாள். அடியில் ஜவ்வரிசிப் பொடிபோல என்னவோ மின்னியது.

“குளோரின்ல கிடந்திருக்கே” என்றார் ஜெபக்குமார்.

“முட்டைக்கு மேல ஒரு தோல் இருக்கு சார். நோய் வராம இருக்க நாங்களே லேசான குளோரின்ல கழுவுறது உண்டு.” கல்பனா மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.  அவர் உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. “நிறைய வெளுத்துப்போச்சு... ஆனா உயிரோட... நாற்பத்து மூணு.” நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. “அந்த வம்சம் இருக்கு.”

அவர் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து வெள்ளத்தாயின் ஈரக் கையில் வைத்தார். “மன்னிச்சிடுங்கம்மா. என் புத்தி ஏன் அப்படிப் போச்சுன்னு தெரியல.”

வெள்ளத்தாய் சாவியை இடுப்பில் செருகினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதற்கு நாள் ஆகும். ஒரு சுத்தமான கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தவனிடம் நீட்டினாள்.

“எந்திரி தம்பி. இதை அலசிட்டு வா. குழாய்ல இல்ல, டிரம்ல. எடுத்த பொறவு மறக்காம கோடு போடு.”