மேகங்கள் குளித்த பாடம்

அறிவியல் டீச்சர் விடைத்தாள் கட்டை மேசைமேல் வைத்தார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது முகத்திலேயே தெரிந்தது.

"யார் எழுதினதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இதைப் படிக்காம இருக்க முடியல" என்று சொல்லிவிட்டு, ஒரு தாளை எடுத்து வாசித்தார்.

"கடல் நீர் ஆவி ஆடலால் மேலே போகும். மேலே மேகங்கள் குளித்து, மலையாகப் பெய்யும்."

வகுப்பே அதிர்ந்தது.

"மலை பெஞ்சா குடை தாங்காதே டீச்சர்!"

"ஆவி எந்தப் பாட்டுக்கு டீச்சர் ஆடுச்சு?"

எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவள் குடுக்கை. வீட்டில் வைத்த பட்டப்பெயர் அவசரக்குடுக்கை. அதை முழுசாகக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லாததால் குடுக்கை ஆகிவிட்டது. சோற்றை மெல்லாமல் விழுங்குவாள். கேள்வி முடியும் முன்பே பதில் சொல்வாள். சிரிப்பும் அப்படித்தான், முந்திக்கொண்டு வரும்.

சிரித்து முடித்துத் திரும்பியபோதுதான் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பென்சில் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றுமே எழுதாத காகிதத்தை ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பென்சில் அந்த ஆண்டுதான் புதிதாக வந்து சேர்ந்தவள். ஒல்லியாக, நெட்டையாக இருப்பாள். ஒரு காதுமேல் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும், அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். இன்னொரு காதில் கேட்கும் கருவி. பேசுபவரின் முகத்தைப் பார்த்தால் உதட்டசைவிலேயே பாதியைப் புரிந்துகொள்வாள்.

குடுக்கைக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது.

மதிய இடைவேளையில் அவள் பென்சிலின் எதிரே போய் உட்கார்ந்தாள். முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அது உன் பதிலா?"

பென்சில் தலையாட்டினாள்.

"ஏன் அப்படி எழுதின?"

"பாடத்துல அப்படித்தான் போட்டிருந்துச்சு."

"எந்தப் பாடத்துல?"

"வீடியோவுலதான். கீழே எழுத்து ஓடுமே, அதுல."

குடுக்கை விழித்தாள். அந்தப் பருவத்துக்கான புத்தகங்கள் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் பள்ளிகளுக்கான இணையதளத்திலிருந்து வீடியோ பாடங்களை வகுப்புத் திரையில் போட்டுக் காட்டினார்கள். வரைபடம் நகரும், பின்னால் ஒரு குரல் விளக்கும். கீழே எழுத்து ஓடுவதைக் குடுக்கை ஒரு நாளும் கவனித்ததே இல்லை. அவளுக்குத்தான் குரல் நன்றாகக் கேட்கிறதே!

"டீச்சர் பேசினா எனக்குப் புரியும். வீடியோவுல யார் முகமும் இல்ல. ஸ்பீக்கர் சத்தம் என் கருவிக்குள்ள கொரகொரன்னு வரும். எழுத்துதான் கதின்னு படிக்கிறேன்" என்றாள் பென்சில். "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனா பாடம் தப்பா இருக்குமான்னு நினைச்சேன்."

பென்சிலே தொடர்ந்தாள்.

"அடுத்த வாரம் பருவத் தேர்வு. இதுலயும் மார்க் குறைஞ்சா பழைய விடுதிப் பள்ளிக்கே அனுப்பிடலாம்னு அப்பா சொல்றார். அங்க காது கேட்காதவங்களுக்குன்னு தனி வகுப்பு இருக்கு. நல்ல பள்ளிதான். ஆனா வாரம் பூரா வீட்டை விட்டு இருக்கணும். எனக்கு இங்கேதான் இருக்கணும்."

குடுக்கை எழுந்துவிட்டாள். "வா!"

"எங்க?"

குடுக்கை அவள் கையைப் பிடித்துக் கணினி அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நீர்ச் சுழற்சிப் பாடத்தைத் திறந்து, ஒலியை முழுவதும் அணைத்தாள். இப்போது அவளுக்கும் படமும் எழுத்தும் மட்டும்தான். நீல நிறக் கடலிலிருந்து அம்புக்குறிகள் மேலே கிளம்பின. கீழே எழுத்து ஓடியது: 'சூரியன் வெப்பத்தால் ஆவி ஆடல் நடக்கிறது.' அடுத்து, 'மேகங்கள் குளித்து மலையாக...'

ஒரு நிமிடம் பார்ப்பதற்குள் குடுக்கைக்குத் தலை சுற்றியது. தெரிந்த பாடமே தெரியாத பாடமாக இருந்தது.

"சார்!" என்று கத்தினாள்.

கணினி சார் ஒரு பழைய விசைப்பலகையைத் தலைகீழாகத் தட்டி, பொத்தான்களுக்கு நடுவே இருந்த தூசியைக் கொட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார்.

"ஓ, அதுவா. அந்த எழுத்தை மனுஷங்க எழுதறதில்ல. குரலைக் கேட்டுக் கணினியே எழுதிக்கும். அதுக்கு மழையும் மலையும் ஒண்ணுதான்."

பென்சில் சாரின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சிரிப்பு வந்தது.

"அப்போ என்னைவிட அதுக்குத்தான் சார் காதுக் கருவி வேணும்!"

சார் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "நம்ம பள்ளிக் கணக்குல நுழைஞ்சா எழுத்தைத் திருத்தலாம். தளத்துக்காரங்க சரிபார்த்து எல்லாருக்கும் போடுவாங்க. ஆனா தேர்வுக்கு ஆறு பாடம் இருக்கே! வரி வரியா யார் உட்கார்ந்து திருத்தறது?"

"நான்!" என்றாள் குடுக்கை.

"நீயா?" சார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவளுடைய சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. "சரி, முயற்சி பண்ணு."

அந்த வேலை குடுக்கை நினைத்ததுபோல் இல்லை. ஒரு வரி கேட்க வேண்டும், நிறுத்த வேண்டும், தட்ட வேண்டும், மறுபடி கேட்க வேண்டும். மறுநாள் இடைவேளை முழுவதும் உட்கார்ந்து, கடலிலிருந்து மேகம் வரைக்கும்தான் போக முடிந்தது.

பென்சில் திரையை வாசித்தாள். "மழைத் தூளி விழுகிறது. தூளியா? குழந்தையை ஆட்டற தூளியா விழுது?"

"துளி! துளி!" குடுக்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இங்க 'குளிந்த' காற்று. 'ர்' எங்க போச்சு?"

"அது அவசரத்துல..."

"நீ கேட்டுச் சொல்லு. நான் தட்டறேன்" என்றாள் பென்சில். "உன் காது, என் கண்ணு."

அதன்பின் வேலை ஓடத் தொடங்கியது. குடுக்கை கேட்டுச் சொன்னாள், பென்சில் பிழையில்லாமல் தட்டினாள். எழுத்து வேகமாக மறைந்தால், "இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும், படத்தையும் பார்க்கணும்ல" என்பாள். அதைக் கேட்டபிறகுதான் குடுக்கைக்கு அது புரியும்.

ஓரிடத்தில் குடுக்கை சட்டென்று சொன்னாள். "இங்க இடி இடிக்குது."

பென்சில் திரும்பினாள். "இடி சத்தமா? இதுலயா? எனக்குத் தெரியவே தெரியாதே!"

"அதையும் எழுதிடலாம். எப்படி எழுதறது?"

அன்று மாலை குடுக்கையின் அம்மா மருத்துவமனையில் செவிலியர் வேலை முடித்து வீட்டுக்கு வந்தபோது, மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். தம்பி கட்டிலுக்கு அடியில் இருந்தான்.

"என்னடி நடக்குது இங்க?"

"இடி சத்தத்தை எப்படிம்மா எழுதறது?"

அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். "எந்த இடி? தூரத்து இடின்னா கடகட. பக்கத்துல விழுந்தா டமார்."

"டமார் வேணாம்!" என்றான் தம்பி, கட்டிலுக்கு அடியிலிருந்து.

மறுநாள் அவர்கள் இரண்டாவது பாடத்தைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டார்கள். அப்போது மணி அடித்தது. குடுக்கை துள்ளி எழுந்தாள். ஒரே தட்டு, திரை மூடிவிட்டது.

பென்சில் மெல்லக் கேட்டாள். "சேமிச்சியா?"

குடுக்கையின் முகம் வெளுத்தது. திரும்பத் திறந்து பார்த்தாள். பழையபடி கணினி எழுதிய பிழைகளே அங்கே ஓடிக்கொண்டிருந்தன. அன்று பாடுபட்டதெல்லாம் பாழ்.

பென்சில் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்தாள். அதைப் பார்க்கத்தான் குடுக்கைக்குப் பொறுக்கவில்லை. தேர்வு நெருங்கிவிட்டது. இனி இருவரால் மட்டும் முடியாது.

அடுத்த வகுப்பு அறிவியல். குடுக்கை எழுந்து நின்றாள்.

"டீச்சர், கொஞ்ச நேரம் திரையை எனக்குத் தருவீங்களா? ஒரு விளையாட்டு."

டீச்சர் தலையசைத்தார். குடுக்கை யாரும் பார்த்திராத அடுத்த பாடத்தைப் போட்டாள், ஒலி இல்லாமல். கீழே எழுத்து ஓடியது. 'வேர் தண்ணீரை உறிஞ்சும்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேறு தண்ணீர் அரிஞ்சும்' என்று வந்தது. வகுப்பு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

குடுக்கை வீடியோவை நிறுத்தினாள். "இப்போ ஒரு கேள்வி. செடிக்குள்ள தண்ணி எப்படி மேலே போகுது? பாடத்துல பார்த்ததை வெச்சுச் சொல்லுங்க."

வகுப்பில் எதற்கும் முதலில் கை தூக்கும் கணக்குப்புலிகூட மேசையைப் பார்த்தான்.

"இது எப்படித் தெரியும்? ஒண்ணும் கேட்கலையே!" என்றான்.

அப்போது பென்சில் எழுந்தாள். குடுக்கை அதை எதிர்பார்க்கவில்லை.

"எனக்கு எல்லா வீடியோவும் இப்படித்தான்" என்றாள். "மேகம் குளிச்ச பதில் என்னோடதுதான்."

டீச்சர் கையிலிருந்த சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். அவர் பென்சிலின் எதிரே வந்து நின்று, முகம் தெரியும்படி பேசினார்.

"நான் கேட்டுத் தெரிஞ்சுக்காம சிரிச்சுட்டேன். தப்பு என்மேலதான் கண்ணு."

கணக்குப்புலி கை தூக்கினான். "நான் ஒரு பாடம் எடுத்துக்கறேன்."

"நானும்!" "நாங்க மூணு பேரும்!"

"சேமிக்கிற பொறுப்பு மட்டும் குடுக்கைகிட்ட வேண்டாம்" என்று யாரோ சொல்ல, குடுக்கையே முதலில் சிரித்தாள்.

அதன்பிறகு கணினி அறை சந்தைக்கடை ஆனது. கேட்டுச் சொல்பவர்கள் ஒரு பக்கம், தட்டுபவர்கள் ஒரு பக்கம். தவளை 'கொர் கொர்' என்கிறதா 'வர்க் வர்க்' என்கிறதா என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. மழைக்கு 'சோ' என்பதா 'சடசட' என்பதா என்று இன்னொன்று. எல்லாம் முடிந்தபின் கடைசியாகப் பென்சிலிடம் வரும். அவள் ஒலியில்லாமல் பார்ப்பாள். புரிந்தால் கட்டைவிரலை உயர்த்துவாள். புரியாவிட்டால், அது கணக்குப்புலி எழுதியதாகவே இருந்தாலும், திரும்பப் போகும்.

தேர்வுக்கு முன் ஆறு பாடங்களும் தயார். பென்சில் எல்லாவற்றையும் மறுபடி மறுபடி பார்த்தாள். தேர்வு முடிந்து தாள் வந்தபோது, டீச்சர் அவளுடைய பதிலைத்தான் சரியான விடை எழுதுவது எப்படி என்று வகுப்புக்கு வாசித்துக் காட்டினார். இந்த முறை, அவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு.

பென்சிலின் அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். சீருடையோடே பள்ளிக்கு வந்தார். பின்வரிசைச் சின்ன பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஒரு பாடத்தை முழுவதும் பார்த்தார். மகள் எழுத்தைப் படித்துக்கொண்டே குறிப்பெடுப்பதையும் பார்த்தார். பாடம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"விடுதிக்கு வாங்கி வெச்ச பெட்டியை என்னப்பா பண்ணப் போறீங்க?" என்று பென்சில் கேட்டாள்.

"பழைய துணி போட்டு வெப்போம். வேற எதுக்கு அது?" என்றார் அப்பா.

சில நாட்களில் இணையதளத்தில் அந்த எழுத்துகள் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டன. ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும், 'எழுத்து: ஐந்தாம் வகுப்பு மாணவர்கள்' என்று ஒரு வரி. எங்கோ ஒரு பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் கீழே எழுதியிருந்தார்: 'என் வகுப்பில் ஒரு பையன் இன்றுதான் முதல்முறையாகப் பாடத்தில் கேள்வி கேட்டான். நன்றி, பிள்ளைகளே.' கணினி சார் அதை அச்சிட்டுக் கதவில் ஒட்டினார். போகிற வருகிற எல்லாரும் நின்று படித்தார்கள்.

மறுநாள் காலை குடுக்கையும் பென்சிலும் ஒன்றாகப் பேருந்தில் ஏறினார்கள். வண்டி ஓட்டியது பென்சிலின் அப்பாதான். ஒரு சிக்னலில் சிவப்பு விளக்கு விழுந்து வண்டி நின்றதும், அவர் இருக்கையிலிருந்து திரும்பிப் பயணிகள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"உங்க வீட்டுப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல வீடியோ பாடம் பார்க்குறாங்கல்ல? அதுக்கு எழுத்து போட்டவங்க இதோ, இந்த ரெண்டு பேரும் இவங்க கூட்டாளிகளும்தான்!"

மொத்தப் பேருந்தும் திரும்பிப் பார்த்தது. காய்கறிப் பையோடு நின்ற ஒரு அத்தை கைதட்டினார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். பின்னால் நின்ற வண்டிகள் ஒலி எழுப்பின.

பென்சில் கன்னம் சிவக்க, முன்கண்ணாடி வழியே தெரிந்த விளக்கைக் கை நீட்டிக் காட்டினாள். "அப்பா, பச்சை விழுந்துடுச்சுப்பா! வண்டியை எடுங்க!"

பேருந்து கிளம்பியது. பள்ளி நிறுத்தம் வரும்வரை இருவரும் நெஞ்சை நிமிர்த்தியபடியே உட்கார்ந்திருந்தார்கள்.