ஒளி 82 டெசிபல்

2007ஆம் ஆண்டு, அக்டோபர் 9, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருபது நிமிடம். தூறல், காற்று இல்லை.

அலுவலக நாட்குறிப்பில் இவ்வளவையும் எழுதிய பிறகும் ஆய்வாளர் பேனாவை மூடவில்லை. தூறலுக்குப் பின் காற்புள்ளி போதுமா, அரைப்புள்ளி வேண்டுமா என்று அவளுக்கு ஓர் ஐயம். வண்டிகளில் மாற்றம் செய்ய அனுமதி வழங்கும் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறாள். அங்கே வந்த விண்ணப்பங்களில் அவளுடைய சிவப்புப் பென்சில் படாத தாள் கிடையாது.

அப்போதுதான் வாசலில் அந்தச் சத்தம்...

டுக், டுக், டுக் என்று மூன்று தட்டு. ஒரு சிறு மூச்சு. மறுபடி மூன்று தட்டு. அணையும்போது ஒரு தும்மல்.

பேனா விரலிடுக்கிலேயே நின்றது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், மாலை ஆறு மணிக்குத் தெருமுனையில் இந்தச் சத்தம் கேட்கும். வீட்டுப்பாடத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவள் ஓடிப்போய்க் கதவைத் திறப்பாள். அப்பா...

'அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் இந்தக் கார்தான் நின்றது. சின்னது, ஜப்பான்காரன் செய்தது, மாதச் சம்பளக்காரனுக்குக் கட்டுப்படியாவது. எல்லாம் ஒரே மாதிரிதான் தும்மும்' என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

குடையை மடக்கி உதறிவிட்டு ஒருவன் சாளரத்துக்கு வெளியே வந்து நின்றான். முப்பத்துநான்கு, முப்பத்தைந்து வயது இருக்கும். நனைந்த முன்முடி. சட்டைப்பையில் மூன்று குட்டித் திருப்புளிகள்.

"வணக்கம் மேடம். கார்ல கொஞ்சம் மாத்தணும்..."

விண்ணப்பத்தை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இமைக்காமல்... கூச்சமே இல்லாமல்...

அவளுக்குக் காது மடல் சூடாயிற்று.

"என்ன பார்க்கறீங்க?"

"இடது பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் இறங்கியிருக்கு."

"எது?"

"உங்க கண்ணாடி மேடம். காதுக்குப் பின்னாடி வளைவு விட்டுப்போச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, நான் கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன். யாரைப் பார்த்தாலும் முதல்ல ஃப்ரேம்தான் தெரியும், ஆள் அப்புறம்தான்."

"ஆள் தெரிஞ்சாச்சா?"

கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று உறைத்தது. அவன் சிரித்தான்.

"இப்பத்தான்..."

அவள் விசுக்கென்று விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டாள்.

ஏழு மாற்றங்கள். கூரைக்கு மட்டும் வெள்ளை வண்ணம். ஓர் அங்குலம் பெரிய சக்கரங்கள். முன்னால் வட்டமான இரண்டு மூடுபனி விளக்குகள். பின்னிருக்கையை மடக்கிப் பலகையாக்க ஏற்பாடு. கூரையில் துணித் திறப்பு. கியர் தண்டுக்கு மரக்குமிழ்.

"குமிழுக்கெல்லாம் அனுமதி வேண்டாம் சார்."

"தெரியும் மேடம். இருந்தாலும் யாராவது ஒருத்தர் 'சரி, செய்'னு சொன்னா நல்லாருக்கும். பத்தாவது படிக்கும்போது இயற்பியல் நோட்டுக் கடைசிப் பக்கத்துல போட்ட பட்டியல் இது. வாத்தியார் ஒளிச்சிதறல் நடத்திட்டிருந்தார். நான் கார் கூரையை வெட்டிட்டிருந்தேன்."

"மழை வந்தா கூரையை என்ன பண்ணுவீங்க?"

"மூடிக்கணும். விட்டதும் திறந்துக்கணும். நின்ன மழை மரத்துலேர்ந்து மட்டும் சொட்டுமே, அந்த அஞ்சு நிமிஷம்... அதுக்குத்தான் மேடம் இவ்வளவும்."

அவளுடைய உதட்டோரம் அசையப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். ஏழாவது வரிக்கு வந்தபோது அடக்க ஒன்றும் இருக்கவில்லை.

'புகைக்குழாயை மாற்றுதல். புதிய குழாயின் ஒளி அளவு: 82 டெசிபல்.'

"சத்தத்தையும் மாத்தப் போறீங்களா?"

"அதுதான் முதல் வேலை. வண்டியா அது, தையல் மெஷினா! தெருவே திரும்பிப் பார்க்குது."

அவள் அளவுநாடாவை எடுத்துக்கொண்டாள். ஆய்வுக் கொட்டகைக்கு நடந்தாள்.

வெளிர்நீலக் கார். இந்த நிறத்திலும் ஆயிரம் ஓடின என்று சொல்லிக்கொண்டே பின்னிருக்கையை அளந்தாள், எண்களைச் சரிபார்த்தாள். முன்னிருக்கைக்கு எதிரே இருந்த சிறு பெட்டியின் கதவு தொங்கிக்கொண்டிருந்தது. யோசனை இல்லாமல் கை போயிற்று. பூட்டுக்கு இடப்புறம், மூன்று விரல் தள்ளி, முட்டியால் ஒரு தட்டு.

க்ளிக்.

பன்னிரண்டு வயதுக் கை அது. முப்பத்தொரு வயதுக்காரிக்குச் சொல்லாமலே தட்டிவிட்டது. இதே பெட்டியை இதே இடத்தில் தட்டிக்கொண்டே அப்பா, "இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்" என்று சொன்ன இருக்கையின் பக்கத்தில் அவள் குனிந்து நின்றிருந்தாள். அப்பா போன மறுமாதமே அம்மா விற்றுவிட்ட கார்.

நிமிர்ந்தபோது அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முறை ஃப்ரேமை அல்ல.

அன்று மாலைக்குள் அவள் முடிவெழுதிவிட்டாள். சிவப்புப் பென்சிலால் 'ளி'யைச் சுற்றி ஒரு வட்டம். கீழே, 'ஒளியை டெசிபலில் அளக்க இயலாது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

பிழை பிழைதான், வாக்கியத்தில் குற்றமில்லை. ஆனால் ஓர் எழுத்து பிசகினால் விண்ணப்பதாரரையே அடித்துத் திருத்தச் சொல்லிச் சுருக்கொப்பம் வாங்கிக்கொள்வதுதான் அந்த அலுவலகத்து வழக்கம். நிராகரித்தால் ஓராண்டுக்கு மறுபடி கேட்க முடியாது. அதற்குள் அந்தக் காருக்கு இருபத்தைந்து வயது முடிந்துவிடும். முடிந்த வண்டிக்கு எந்த மாற்றமும் கிடையாது. இது அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை நல்ல வெயில். அவன் நிராகரிப்புத் தாளோடு வந்தான்.

"ஒரே ஒரு எழுத்து மேடம்... இங்கேயே திருத்திக் குடுத்துடறேனே?"

"முடிவு போட்டாச்சு சார். எழுத்து மாறினா பொருளே மாறிடும்."

"நாள் முழுக்கக் கடையில ஒளி, ஒளின்னே எழுதற கை. சத்தம்னு நினைச்சுட்டே வெளிச்சத்தை எழுதிடுச்சு. ஆனா உங்க கோவத்தைப் பார்த்தா 'ஒழி'ன்னே எழுதியிருக்கலாம் போல..."

உள்ளே கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த பதிவறை அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். ஆய்வாளர் திரும்பி முறைத்தாள். முறைத்த வேகத்தில் கண்ணாடி மூக்குநுனிக்கு வழுக்கியது.

"கழட்டிக் குடுங்க. ஒரு நிமிஷ வேலை."

"வேணாம்."

"அனுமதி கேக்கலை மேடம், கண்ணாடியத்தான் கேக்கறேன்."

ஏன் கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கண்ணாடி இல்லாத உலகத்தில் அவன் ஒரு மங்கல் நிழல். கையில் மட்டும் ஏதோ மினுங்கிற்று. நிழல் ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்தது. பார்த்தபடியே நின்றுவிட்டது.

"இவ்வளவு பெரிய கண்ணை... இவ்வளவு சின்ன ஃப்ரேமுக்குள்ள..."

முடிக்காமல் குனிந்துகொண்டான். திருகி, வளைத்து, துடைத்துத் திருப்பித் தந்தான். ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாக அது இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

"அந்தப் பெட்டியை மூடக் கத்துக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு" என்றான் மெல்ல. "உங்களுக்கு ரெண்டு நொடி. எப்படி மேடம்?"

"எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான்."

"ஓ..."

அவ்வளவுதான். வாதாடவில்லை, மேலதிகாரி யாரென்று கேட்கவில்லை. தாளை நான்காக மடித்துத் திருப்புளிகளோடு வைத்துக்கொண்டு போய்விட்டான். கத்தியிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஏம்மா" என்றாள் பதிவறை அக்கா, "போன வாரம் வேன்காரர் ஒருத்தர் பின்கதவுக்குப் பதிலா 'பொன்கதவு'ன்னு எழுதிட்டு வந்தாரு. தங்கத்துல செய்யப் போறீங்களான்னு கேட்டுட்டுத் திருத்த விட்டே. இந்தப் பிள்ளை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

ஆய்வாளர் கோப்புக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டாள்.

மாலையில், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "நம்ம கார் ஆபீசுக்கு வந்துதும்மா" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். நிராகரித்ததை மட்டும் கடைசியில், குரலைத் தணித்துச் சொன்னாள்.

அம்மா தலையணை உறையை உதறினாள்.

"சத்தத்துக்காகவா? ஏண்டி, அந்தச் சத்தத்தை உங்கப்பாவுக்கே பிடிக்காதே! குழாயை மாத்தணும், மாத்தணும்னு உசுரை வாங்கினாரு. நான்தான் கூடவே கூடாதுன்னுட்டேன்."

"நீயா? ஏன்?"

"தெருமுனையில அது தட்டினாத்தானே நான் கதைப்புத்தகத்தை ஒளிச்சு வெச்சுட்டு அடுப்பப் பத்தவைக்க முடியும்? சத்தமில்லாம வந்து நின்னா என் கதி என்ன!"

அம்மா சிரித்தாள். பிறகு உறை மடியில் அப்படியே கிடந்தது.

"அவரும் காகிதத்துல படம் போட்டு வெச்சிருந்தாரு. சக்கரம், விளக்குன்னு என்னென்னவோ. அடுத்த வருஷம் பார்க்கலாம்னு நானும் சொல்லிட்டே இருந்தேன். அடுத்த வருஷம்தான்..." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வேணும்னு கேட்டப்பவே செய்யின்னு சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே."

இத்தனை ஆண்டுகளாக அப்பாவின் குரல் என்று அவள் நெஞ்சில் பொத்தி வைத்திருந்தது, அப்பாவுக்குக் கிடைக்காமல் போன ஓர் அனுமதி. அதே அனுமதியை இன்னொருவனுக்கும் அவள் மறுத்திருக்கிறாள்... எழுத்துப்பிழையின் பெயரால்.

வெள்ளிக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினாள். "வரமுடியுமா?" என்ற ஒரு சொல்லைச் சொல்லத் தொண்டையை மூன்றுமுறை செருமவேண்டியிருந்தது.

அரைமணியில் அந்தத் தும்மல் வாசலில் கேட்டது. இன்று அது வெறும் சத்தமாக இல்லை. அவன் வந்துவிட்டான் என்ற செய்தியாக இருந்தது.

அவனே முந்திக்கொண்டான்.

"நான் ஒண்ணு சொல்லிடறேன் மேடம். வண்டியோட பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் சொந்தக்காரர் பேரும், உங்க மேசைப் பலகையில உங்க பேருக்குப் பின்னால இருக்கற பேரும்... ஒண்ணுதானே?"

அவள் தலையசைத்தாள்.

"அப்ப சத்தத்தை விட்டுடலாம். ஏழாவதை அடிச்சுடறேன். மத்ததும் வேணாம்னா வேணாம். அப்படியே இருக்கட்டும். எப்ப வேணும்னாலும் வந்து உக்காருங்க... அந்தப் பெட்டியைத் தட்டிட்டுப் போங்க."

மழை சாளரத்துக் கண்ணாடியில் வழிந்தது. புதிதாய்த் திருத்திய ஃப்ரேமுக்குள் அவளுடைய கண்களும்...

"ஒண்ணையும் அடிக்காதீங்க" என்றாள். "ஏழும் வேணும். எங்கப்பாவுக்கும் அந்தச் சத்தம் பிடிக்காதாம். எனக்கு நேத்துதான் தெரியும். உங்க விண்ணப்பத்துல இருந்தது பிழை. என் முடிவுல இருந்தது பொய். ரெண்டும் வேற."

சொல்லி முடித்ததும் பெரிய கனம் ஒன்று இறங்கிற்று. பிழை விடாதவள் என்ற பெருமிதமாக எண்ணி இவ்வளவு நாள் சுமந்தது அதைத்தான் போலும்.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். "நிராகரிப்பை ரத்து பண்றேன். ஆனா அனுமதியை நான் குடுக்கக் கூடாது. சம்பந்தப்பட்ட ஆள் முடிவெடுக்கறது விதிப்படி தப்பு. விலகிக்கறேன். திங்கக்கிழமை இன்னொரு ஆய்வாளர் பார்ப்பார். நேர்மையானவர்; எழுத்துப்பிழை எல்லாம் அவர் கண்ணுலயே படாது."

எழுதலானாள். நிராகரிப்பு ரத்து. காரணம்: அலுவலரின் தவறு. வாகனத்துடன் அலுவலருக்கு உள்ள தொடர்பு: முதல் உரிமையாளரின் மகள்.

அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. 'விண்ணப்பதாரருடன் அலுவலருக்கு உள்ள தொடர்பு.'

'ஏதுமில்லை' என்று எழுதினால் போதும். மூன்று நாள் பழக்கத்துக்கு அதுவே சரியான விடை. ஆனால் அது முழு விடையா?... பதிவறை அக்கா தேவையே இல்லாமல் ஒரு கோப்பைத் தூசி தட்டினாள்.

'தற்போது ஏதுமில்லை, ஏற்படவேண்டும் என்பது அலுவலரின் விருப்பம்' என்று எழுதினாள்.

நிமிரத் துணிவில்லை. தாளின் மேல் அவன் நிழல் சாய்ந்தது. வெளியே மழை...

"மேடம்" என்றான் அவன். "எங்க கடையில கண் சோதிக்கற எழுத்துப் பலகையை நாங்க எந்தப் பக்கத்துலேர்ந்தும் படிப்போம். தலைகீழாவும்..."

அவள் உள்ளங்கையால் அந்த வரியை மறைத்தாள். காலங்கடந்த மறைப்பு.

"ஒரு சந்தேகம். உங்களைத்தான் கேக்கணும். 'ஏற்படவேண்டும்'... அது சேர்த்து எழுதணுமா, பிரிச்சா?"

அவள் நிமிர்ந்தாள். அவன் சிரிக்கவில்லை. கேட்டுவிட்டு, விடைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சேர்த்துத்தான்" என்றாள்.

"எப்பவுமா?"

"எப்பவும். விதிவிலக்கு கிடையாது."

கையெழுத்திட்டாள். தேதி போட்டாள். மை காய ஒருமுறை ஊதினாள். பிறகு அவன் நேராகப் படிக்கும்படி தாளைத் திருப்பிச் சாளரத்தின் வழியே நீட்டினாள். அவன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.