பலகையின் கடைசி இலக்கம்

புளியங்கூடலில் இளைப்பாறிய இன்ஸ்பெக்டர் தியாகலிங்கத்தின் வீட்டுக்கு வந்த சறோஜினிதேவிக்குக் கதிரையில் இருக்கவும் மனம் வரவில்லை. நாரந்தனைப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள் அவள். கண்காட்சிக்கு அவள் எழுதுவித்த பலகையில், "536870911: ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் முதன்மை எண்" என்றிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விருந்தினர் சபையின் முன்னாலேயே அதை 233ஆல் வகுத்துக் காட்டினார். மீதி வரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"இலக்கத்தை மாத்திப்போட்டினம், ஐயா. காவலாளி பஸ்ரியாம்பிள்ளைதான். கடைசி ஒன்றிலை புதுப் பெயின்ற் கிடக்கு. அது ஏழாய் இருந்திருக்கும். அதிபரிட்டைச் சொல்லி அவரை வேலையாலை நிப்பாட்டினனான். நீங்கள்தான் அதை நிரூபிச்சுத் தரவேணும்."

"ஏழாய் இருந்தது நினைவிருக்கோ?"

"கரும்பலகையிலை செய்து அழிச்சுப்போட்டன். நினைவில்லை."

"7இன்ரை மேல்கோட்டை மறைச்சால் அது 1 ஆயிடும், அத்தான்!" என்று துள்ளினார் மைத்துனர் ஆழ்வாப்பிள்ளை.

மூவரும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனார்கள். அழைத்து வரப்பட்ட பஸ்ரியாம்பிள்ளை தலை நிமிரவில்லை. "ஏணி உரஞ்சி அந்தக் கடைசி ஒன்று மங்கிப்போச்சு. அதுக்கு மேலைதான் பூசினனான்."

தியாகலிங்கம் பலகையை நிதானமாகப் பார்த்தார். "ரீச்சர், இந்த எண்ணை எப்பிடி எடுத்தனீங்கள்?"

"இருபத்தொன்பது இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழிச்சனான்."

"அப்ப ஒன்றைத் திருப்பிக் கூட்டிப் பாதி பாதியாக்கினால், கடைசியிலை ஒன்று வரவேணும். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் வழியிலை நிண்டிடும். ஆழ்வார், ஏழை வைச்சுப் பாரும்."

ஆழ்வாப்பிள்ளை 536870917உடன் ஒன்றைக் கூட்டி, கரும்பலகையில் 536870918 என்று எழுதிப் பாதியாக்கினார். 268435459. ஒற்றை எண். அதற்கு மேல் ஏலவில்லை. பிறகு பலகையில் உள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டி 536870912 என்று எழுதினார். பாதி, அதில் பாதி என்று சோக்கட்டி இறங்கிக்கொண்டே போய் ஒன்றில் வந்து நின்றது. அவருடைய குரலும் இறங்கிவிட்டது. "ஒருத்தரும் மாத்தேல்லை, அத்தான்."

சறோஜினிதேவிக்கு முகம் எரிந்தது. மூன்று, ஐந்து, ஏழு இரண்டுகளை அப்படிப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 7, 31, 127. எல்லாம் முதன்மை எண்கள். இருபத்தொன்பதும் முதன்மை எண்தானே என்று துணிந்திருந்தாள். இப்போது சோக்கை வாங்கிப் பதினொன்றுக்குச் செய்து பார்த்தாள். 2047. இருபத்துமூன்று தரம் எண்பத்தொன்பது.

"பதினொன்றைப் பார்க்காமலே விட்டிட்டன், ஐயா. பிழை என்ரை."

"என்ரை அறையிலை கதைச்சு முடிப்பம்" என்றார் அங்கே வந்து நின்ற அதிபர். அவள் கேட்கவில்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில் மேடையேறி, பஸ்ரியாம்பிள்ளையைப் பார்த்துக் கைகூப்பினாள். "அண்ணை, நான் கணக்கையும் பிழைவிட்டு, பழியையும் உங்களிலை போட்டிட்டன்."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பஸ்ரியாம்பிள்ளையோடு வந்திருந்த அவர் மனைவி மேரிறோஸ் பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"இவரை நிப்பாட்டின நாளிலையிருந்து என்ரை பிள்ளையள் வெக்கத்திலை பள்ளிக்கூடம் வரேல்லை, ரீச்சர். அவையளிட்டையும் வந்து சொல்லுங்கோ."

"வாறன்" என்று சறோஜினிதேவி மேடையை விட்டு இறங்கி, பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்க மேரிறோஸின் பின்னால் நடந்தாள்.