விளங்கியது என்று சொல்ல வேண்டியவர்

காலை ஒன்பது மணிக்கெல்லாம் கொற்கைத்துறை மாநகராட்சியின் ஊர்க்கணிப்பான் என்ற எந்திரம் தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. மாநில அரசின் ஒற்றைக்குழாய்ச் சட்டமுன்வடிவுக்கு மாநகராட்சியின் நிலைப்பாடு: ஆதரவு. ஒன்பது லட்சம் பேரின் தாகம், நோய், வரி எல்லாவற்றையும் அலசி இந்த ஒரு சொல்லைச் சொல்ல அதற்கு நாலு நிமிடம் பிடித்தது. சொல்லுக்குக் கீழே வழக்கம்போல ஒரு பெயர்: ரோஸ்லின் மச்சாது, மிதவை வார்டு.

நிலைப்பாட்டு அலுவலர் இசக்கிவாணி பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பதினோரு வருடமாக இதுதான் வேலை. இதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

மாநிலம் எந்தச் சட்டம் கொண்டுவர நினைத்தாலும் ஆதரவு, எதிர்ப்பு, திருத்தினால் ஆதரவு என்று ஒவ்வொரு நகரமும் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு எந்திரம் போதும். ஆனால் அந்த நிலைப்பாடு வென்றால் ஊரிலேயே அதிகம் இழக்கப்போகிறவர் யார் என்றும் எந்திரமே சொல்லிவிடும். அவருக்கு இழப்பாளர் என்று பெயர். அலுவலர் அவர் வீட்டுக்கே போய், முழுவதையும் வாசித்துக் காட்டி, 'விளங்கியது' என்ற சொல்லை அவர் வாயால் வாங்கி வர வேண்டும். சம்மதம் தேவையில்லை, விளங்கினால் போதும். பொய் சொன்னால் அலுவலர் கொண்டுபோகும் குரல்மானி சிவந்துவிடும், மெய்யென்றால் பச்சை. சொல் கிடைக்காவிட்டால் நிலைப்பாடு தலைநகருக்குப் போகாது. அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை ஊர் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இசக்கிவாணி இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் வாசித்திருக்கிறாள். இருநூற்றுப் பன்னிரண்டும் பச்சை. அழுதவர்கள் உண்டு, ஏசியவர்கள் உண்டு, வாசலில் நாயை அவிழ்த்துவிட்டவரும் உண்டு. விளங்கவில்லை என்றவர் ஒருவரும் இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம். இருக்கத்தானே செய்யும்.

கடல் ஏறி வந்து விழுங்கிய பழைய தெருக்களுக்கு மேலே மிதக்கும் முந்நூற்று நாற்பது வீடுகள்தான் மிதவை வார்டு. ரோஸ்லின் தன் படகிலேயே கடல்நீரைக் குடிநீராக்கி, வீடு வீடாகப் போய் ஊற்றுகிறவள். இசக்கிவாணி போய்ச் சேர்ந்தபோது படகுக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம். எம்பேரு வந்துட்டாக்கும்?"

"வந்துட்டுக்கா. உக்காருங்க, வாசிக்கேன்."

ஏற்ற இறக்கத்தோடு, அவசரமில்லாமல் வாசித்தாள். தனியார் தண்ணீர்ப் படகுகளின் உரிமம் ரத்தாகும். அரசுக் குழாய் படகுத்துறை வரை வரும். அதற்கு அப்பாலுள்ள குடியிருப்புகளுக்கு உரிய ஏற்பாடு செய்யப்படும்.

ரோஸ்லின் கையைத் துடைத்துக்கொண்டாள். "இருவத்தாறு வருசம் ஓட்டுன படகு போவுது. ஊருக்கு நல்லதுன்னா போட்டும். விளங்கியது."

பச்சை. இசக்கிவாணி பையை மூடப் போனாள்.

"ஒரு நிமிசம் மேடம். துறையிலேருந்து கடைசி வீடு அரைக் கிலோமீட்டரு. அங்க செசிலின்னு ஒருத்தி, பிள்ள பொறந்து நாலு நாளு. அவளுக்குத் தண்ணி எப்படிப் போவும்?"

"உரிய ஏற்பாடு பண்ணுவாங்கக்கா."

"அப்படின்னா?"

இசக்கிவாணி பக்கத்தைப் புரட்டினாள். எத்தனையோ வீடுகளில் வாசித்த சொற்கள். இதை ஒருத்தரும் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை. "உரிய ஏற்பாடுன்னா... ஏற்பாடுதான்க்கா."

ரோஸ்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குரல்மானியை இசக்கிவாணியின் பக்கம் திருப்பி வைத்தாள். "நீங்களும் ஒருக்கா சொல்லுங்களேன்."

அலுவலர் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எழுந்து வந்திருக்கலாம். தலைக்கனம் விடுமா? "விளங்கியது" என்றாள் கணீரென்று.

சிவப்பு.

இசக்கிவாணிக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் அவள் பட்டதே இல்லை. முந்தைய வீடுகளில் எத்தனை 'உரிய ஏற்பாடு' வாசித்தோம், அதெல்லாம் என்ன ஆனது என்று ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.

"விடுங்க மேடம், எனக்குப் பச்ச வந்துட்டுல்லா. அனுப்பிருங்க" என்றாள் ரோஸ்லின். உண்மையாகவே ஆறுதலுக்குத்தான் சொன்னாள்.

அனுப்பினால் யாரும் கேட்கப் போவதில்லை. மாலை ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் ஊர் மௌனம் என்று பதிவாகும். மௌனமான ஊருக்கு முறை கடைசியில்தான்; ஒன்பது லட்சம் பேருக்கான குழாய் வேறு நகரத்துக்கு முதலில் போய்விடும். இசக்கிவாணி பொத்தானைத் தொடவில்லை. மூன்று மணி வரை அங்கேயே உட்கார்ந்து, ரோஸ்லின் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தாள்.

மூன்றரைக்கு மேயர் தவசிலிங்கம் அழைத்தார். "என்னம்மா, நிலைப்பாடு இன்னும் போகலையாமே? அந்தம்மாவுக்கு விளங்கலையா?"

"அவங்களுக்கு நல்லா விளங்கிட்டு ஐயா. எனக்குத்தான் விளங்கலை."

"ஒங்களுக்கு எதுக்கும்மா விளங்..." மேயர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"திருத்தினால் ஆதரவுன்னு மாத்தியிருக்கேன் ஐயா. கடைசி வீடு வரைக்கும் இந்தப் படகுகளே தண்ணி விடணும், சம்பளம் மாநிலம் குடுக்கணும்னு ஒரே ஒரு திருத்தம். எந்திரம் சொன்னத மாத்த ஒங்க கையெழுத்துத்தான் வேணும். அஞ்சுக்குள்ள அனுப்பிரலாம்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"கொண்டாங்க" என்றார் மேயர். "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க. முழுசா."