ஏழாம் நம்பர் ரூம் வாசல்

ராத்திரி ரெண்டேகால் ஆகியும் நெஞ்சு படபடக்க ஆரம்பிக்கவில்லை. சங்கையாவுக்கு அதுதான் முதலில் சரியில்லாமல் பட்டது. மூன்று மாதமாக ஒருநாள் தவறாமல் வருகிற படபடப்பு, டவுன்பஸ்கூட அப்படி நேரத்துக்கு வராது, இன்றைக்கு மட்டும் எங்கே போய்த் தொலைந்தது என்று பாயில் மல்லாந்து கிடந்து காத்துக்கொண்டிருந்தான். கரண்ட் போய் ஒரு மணி நேரம் இருக்கும். இந்த வருசம் ஆமத்தூருக்குக் கரண்ட் வருவதே விருந்தாளி மாதிரிதான். காற்றாடி நின்ற உள்ளறையில் கொசுச் சத்தம், அடுப்படியில் எலி எதையோ உருட்டுகிற சத்தம், பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்த பெண்டாட்டி முத்துப்பேச்சியின் மூச்சு, தூரத்தில் விருதுநகர் ரோட்டில் கியர் மாற்றிப் போகும் லாரி என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. அவன் நெஞ்சு மட்டும் கேட்கவில்லை.

வராவிட்டால் நல்லதுதானே என்று திரும்பிப் படுத்தான். தூக்கம் வரவில்லை.

விருதுநகர் டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயத்துல ஒரு கோளாறும் இல்லையே, மனசுல எதையாவது போட்டுக் குழப்பிக்கிறீங்களா?" என்று கேட்டார். சங்கையா சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "அப்படில்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றான். ஒரு மனுசன் எத்தனை பொய்தான் சொல்வான்! படபடப்பு வந்தால் மூச்சை இழுத்து அடக்கி முக்கச் சொன்னார், முகத்தில் பச்சைத் தண்ணீர் அடிக்கச் சொன்னார், சில்லென்று ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அதையெல்லாம் விட, முத்துப்பேச்சி எழுந்து உட்கார்ந்து அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அமுக்குவதற்குத்தான் அது அடங்கும். அரைமணி நேரம் ஆனாலும் கையை எடுக்க மாட்டாள். காலையில் தண்ணீர்க் குழாயடியில் நின்று, "அன்னைக்கு அம்புட்டுப் பேரையும் காப்பாத்தணும்னு கத்துன கத்துல எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சே ஆடிப்போச்சுக்கா" என்று பெருமையாகச் சொல்வாள். அது காதில் விழும்போதெல்லாம் அவனுக்குத் தோலை உரித்துப் போட்டுவிட்டு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருக்கும்.

ஏனென்றால் அவன் கத்தவே இல்லை.

திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவன் போர்மேன். அவன் தொண்டை அந்த வட்டாரத்துக்கே தெரியும். "சாப்பாட்டுக்கு வாங்க!" என்று வேப்பமரத்தடியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் கடைசி ரூம் ஆளும் எழுந்து வரும். மருந்து ரூமுக்குள் செருப்புக் கால் ஆகாது, வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். ஒரு ரூமுக்கு நாலு பேர்தான் என்று சுவரில் எழுதியிருக்கும். சங்கையா ஒவ்வொரு ரூமாக எட்டிப் பார்க்கிற சோலியே வைத்துக்கொள்வதில்லை. மரத்தடியில் நின்றே வாசல் செருப்புகளை எண்ணிவிடுவான். எத்தனை ஜோடியோ அத்தனை பேர் உள்ளே.

அன்றைக்கு ஏழாம் நம்பர் ரூம் வாசலில் மூன்று ஜோடி. வேலுத்தாயின் நீலச் செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்தியது. "இரும்பைக் கொண்டாராதேன்னு எத்தனவாட்டி சொல்ல?" என்று காலையில்தான் ஏசியிருந்தான். "செருப்பு வெளியதானண்ணே கெடக்கப்போகுது" என்று சிரித்தாள். பக்கத்தில் பத்திரகாளியுடையது, பாண்டிச்செல்வியுடையது. ரூமை ஒட்டிய மேடையில் வெயிலில் காயப்போட்டிருந்த மணிமருந்திலிருந்து, மணி மணியாக உருட்டிய வெடிமருந்திலிருந்து, நூல் மாதிரி ஒரு வெள்ளைப் புகை எழுந்தது. நன்றாகப் பார்த்தான். ஏழெட்டு எண்ணுகிற நேரம் இருந்தது. அவன் வாயைத் திறந்தான். கால்தான் ஓடியது. பின்னால் ரூம் வெடித்தது, மூன்று பேரில் ஒருத்தியும் வெளியே வரவில்லை.

விசாரணையில், "தொண்டை கிழியக் கத்துனேன் சார், அவங்களுக்குக் கேக்கல" என்று சொன்னான். எல்லாரும் நம்பினார்கள். பதினாறாம் நாள் வேலுத்தாயின் புருசன் பெத்தணன் அவன் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்க அம்புட்டுக் கத்தியும் அந்தச் சண்டாளிக்குக் கேக்கலையேண்ணே. கேட்டிருந்தா ஓடியாந்திருப்பாளே." செத்தவள் பேரில் குறை சொல்லி அழுகிற புருசன் கையை உதறவும் முடியாமல், அங்கேயே வைத்திருக்கவும் முடியாமல் சங்கையா நின்றான். சே, நீயெல்லாம் ஒரு மனுசனா என்று அன்றிலிருந்து அவனே அவனைக் கேட்காத நாள் இல்லை. அன்று ராத்திரிதான் முதல் தடவையாக நெஞ்சு படபடத்தது.

தப். தப்.

சங்கையா கண்ணைத் திறந்தான். நெஞ்சு ஆரம்பித்துவிட்டது என்றுதான் நினைத்தான். கையை வைத்துப் பார்த்தால் நெஞ்சு சாதுவாக இருந்தது. சத்தம் உள்ளறை வாசலிலிருந்து வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். தப், தப். ரப்பர் தரையில் விழுகிற சத்தம். ஒரு காலில் நின்று மற்றக் காலை உதறிக் கழற்றிப்போடுகிற சத்தம். பதினெட்டு வருசமாகத் தினம் காலையில் கேட்கிறவனுக்கு அது தெரியாதா? மூன்றாம் தடவை தப், தப். பிறகு ஒன்றுமில்லை. எலிகூட உருட்டுவதை நிறுத்திவிட்டது.

அப்போது நெஞ்சு கிளம்பியது. சும்மா கிளம்பவில்லை, வலைக்குள் விழுந்த கோழி மாதிரி விலாவை உதைத்துக்கொண்டு கிளம்பியது. மூச்சை இழுத்து அடக்கினான். முக்கினான். கழுத்து நரம்பு துடிப்பது காதுக்குள் கேட்டது. வியர்த்து ஊற்றியது.

"என்னங்க, வந்திருச்சா?" முத்துப்பேச்சி எழுந்துவிட்டாள். செல்போன் லைட்டைப் போட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "ஆத்தீ, எப்படி வேர்க்குது! பேசாமப் படுங்க. கொல்லப் பானையில தண்ணி கொண்டாறேன்."

வேண்டாம், இங்கேயே இரு என்று சொல்ல நினைத்தான். என்ன பயம் என்று கேட்பாளே. கேட்டால் எதைச் சொல்வான்? வெளிச்சம் அவளோடு போனது. கொல்லையில் தேள் அதிகம், பின்வாசலில் கிடக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் இறங்குவது கேட்டது.

கூடத்து ஜன்னல் வழியாக நிலா வெளிச்சம் உள்ளறை வாசல் வரைக்கும் விழுந்திருந்தது. சங்கையா தலையைத் திருப்பினான். பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் திருப்பினான்.

நிலைப்படிக்கு வெளியே மூன்று ஜோடி செருப்பு.

கம்பெனியில் போடுகிற மாதிரியே வரிசையாக. நடுவில் நீலம். ஊக்கு மினுங்கியது.

எத்தனை ஜோடியோ அத்தனை பேர் உள்ளே.

அவன் பின்பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை. கந்தகமும் வெடியுப்பும் கலந்த அந்த வாசம் முதுகுப் பக்கமிருந்து வந்தது. குழாயில் மருந்து இடிக்கிற மெல்லிய சத்தம் வந்தது. மூன்று பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவசரமில்லாமல், சீசன் வேலையை முடிக்கிற மாதிரி. பழகிய ஒரு குரல், கேலியாகக்கூட இல்லை, மரியாதையாகவே கேட்டது.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லண்ணே."

மூலையில் நூல் மாதிரி ஒரு வெள்ளைப் புகை எழுந்தது.

கால் ஓடியது. அவன் சொல்லி ஓடவில்லை, அன்றைக்கு மாதிரியே அதுவாக ஓடியது. செருப்புகளைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, தெருக்கதவைத் திறந்து, எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் போய்த்தான் நின்றது. வேட்டி இல்லை. அதைக்கூட அப்போது அவன் பார்க்கவில்லை.

அங்கிருந்து உள்ளறை வாசல் நேராகத் தெரிந்தது.

முத்துப்பேச்சி வந்தாள். ஒரு கையில் செம்பு, ஒரு கையில் செல்போன் லைட். எப்போதும் பின்வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவள் இன்றைக்குக் கூடம் முழுக்கச் செருப்புக் காலோடு நடந்து வந்தாள். உள்ளறை நிலைப்படியில் நின்றாள்.

அவள் தலைக்கு மேல் புகை தெரிந்தது.

நேரம் இருந்தது. ஏழெட்டு எண்ணுகிற நேரம். கத்து. பேச்சின்னு கத்து. உன் பெண்டாட்டிடா. இந்த ஒரு தடவை கத்த விடு, சாமி, அப்புறம் எல்லா உண்மையையும் எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன், பெத்தணன் காலில் விழுகிறேன். ஊரே எழுந்து வருகிற தொண்டைதானே! சங்கையா வாயைத் திறந்தான். நெஞ்சு மட்டும் அடித்தது. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அடித்தது.

தப்.

அவள் ஒரு செருப்பைக் கழற்றினாள்.

தப்.

"எந்திரிங்க, தண்ணி குடிங்க" என்று இருட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். உள்ளேயிருந்து யாரோ கதவைச் சாத்தினார்கள்.

சங்கையா திறந்த வாயோடு மரத்தடியில் நின்றான். நிலா வெளிச்சத்தில், சாத்திய கதவுக்கு வெளியே, வரிசையாக, நாலு ஜோடி.